ஆஞ்சியோ முடிஞ்சிடுச்சு

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருக்கும். திண்டிவனம் வீட்டில் மலர்விழி, மறுநாள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையில் கணவன் கோதண்டபாணியின் லுங்கிகளையும் பிளாஸ்க்கையும் திணித்துக்கொண்டிருந்தாள். அழைப்பு அவர் போனிலிருந்துதான். பேசியவன் சின்னதுரை, கெடாரில் அவர் அன்று வேலைக்குப் போயிருந்த நிலத்தின் சொந்தக்காரன்.

"அண்ணி, அண்ணன் உக்காந்த வாக்குலயே சாஞ்சிட்டாரு. ஆம்புலன்ஸ்காரங்க வந்து பாத்தாங்க. இல்லன்னுட்டாங்க அண்ணி."

போர்வெல்லுக்குள் கேமரா இறக்குவதுதான் கோதண்டபாணியின் வேலை. தண்ணீர் நின்றாலும் மோட்டார் சிக்கினாலும் ஸ்கூட்டரில் பெட்டியோடு போவார். குழாய் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே உப்பு படிந்து அடைத்திருக்கிறது என்று சின்னத் திரையில் காட்டுவார். "பாக்காம ராடு எறக்கறது கண்ணக் கட்டிக்கினு முள்ளு எடுக்கற மாதிரி" என்பார். கேமரா ஒயரை மேலே இழுக்கும்போதே பழைய பனியனால் துடைத்துக்கொண்டே சுற்றுவார். சேற்றோடு பெட்டியில் வைத்ததே கிடையாது.

மாசியில் அவருக்கு நெஞ்சை அடைத்தது. விழுப்புரத்தில் டாக்டர் ஆஞ்சியோ படத்தைக் காட்டிச் சொன்னார். "இது வெளியிலேர்ந்து எடுத்த நிழல்தான். ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு கெட்டியா படிஞ்சிருக்கு. உள்ள மெல்லிசா ஒரு கேமரா அனுப்பி, எவ்வளவு தடிமன்னு பாத்து, சுரண்டி எடுத்துட்டுத்தான் ஸ்டென்ட் வைக்கணும். இல்லேன்னா அது விரியாது."

"ரத்தத்துல கலங்கலா தெரியாதா சார்?"

"மருந்தை அடிச்சு ரத்தத்த ஒரு நொடி ஒதுக்கிட்டுப் பாப்போம்."

"அட, நம்ம வேலைதான்!"

இதெல்லாம் மலர்விழிக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவள் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள். திரும்பி வந்தபோது நர்ஸ், "ஆஞ்சியோ முடிஞ்சிடுச்சும்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். படம் எடுத்தாலும் ஆஞ்சியோ, அடைப்பை எடுத்தாலும் ஆஞ்சியோ என்றுதான் தெருவே பேசும். அடைப்பு போய்விட்டதென்று மலர்விழி நினைத்தாள். திருவக்கரை அம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்தினாள். அவர் திருத்தவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "ஆஞ்சியோ முடிஞ்சிச்சு" என்றார். அது பொய்யும் இல்லை.

சித்திரையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடைப்பு எடுக்க இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அன்று அவர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை வைக்காமலே கேட்டாள்.

"ஊரான் போருக்கெல்லாம் கேமரா உடத் தெரியுது. உங்க நெஞ்சுல அடச்சிக்கினு இருக்கறது தெரியலியா?"

"தெரியுதுடி. எல்லா போரும் வத்திக்கினு கெடக்குது, தெனம் நாலு பேரு கூப்புடறான். ஒரு மழ வரட்டும்னு பாத்தேன்."

"மழ வர்ற வரைக்கும் அது காத்துக்கினு இருக்குமா?"

அவர் தட்டு வைக்காத தரையைக் கையால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கெடார் சின்னதுரைக்கு வாக்கு குடுத்துட்டேன். மல்லாட்டப் பயிரு தண்ணியில்லாம காயுதாம். அத முடிச்சிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். நீ பையக் கட்டி வையி."

மேலே சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. சோற்றைப் போட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "ஆஞ்சியோ பண்ணியுமா இப்பிடி?" முதலில் வந்தவர்களுக்கு அவள் விளக்கிச் சொன்னாள், அது வேறு ஆஞ்சியோ, இது வேறு என்று. அவர்கள் தலையாட்டினார்கள். அடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டாள். "ஆமா" என்று மட்டும் சொன்னாள்.

காரியம் முடிந்த பிறகு சின்னதுரை கேமராப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

"அடப்பு எங்கன்னு கண்டுபுடிச்சிட்டாரு அண்ணி. ஒயர மேல எடுத்துக்கினு இருந்தப்பதான்..." என்றவன் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாதி ஒயர் துடைத்து வட்டமாகச் சுற்றியிருந்தது. மீதிப் பாதியில் கெடார் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.