வால் என்ஜினை யார் அணைப்பது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ராஜா அண்ணாமலைபுரத்தில், எங்கள் உதவி மேலாளர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: உதவி மேலாளர், இரண்டு கேப்டன்கள், நான். இல்லாதவர், தரையில் நிற்கும் விமானத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் வண்டிக்காரர். பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான். அவரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"அவன் எதுக்குப்பா இங்க," என்றார் உதவி மேலாளர். "காபி ஆறுது, குடி."

விமானக் கம்பெனியில் நான் டிராஃபிக் உதவியாளன். எத்தனை பயணிகள், எவ்வளவு சுமை என்று கணக்குப் போட்டு, விமானம் கிளம்பும் முன் கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனாலேயே படித்தவர்கள் மேல் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. ஆகாயத்தில் போகிற படித்தவர்கள் மேல் இன்னும் அதிகமாக. மீனம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேப்டன்கள் தொப்பியைக் கழற்றி வைக்கும் விதத்தைக்கூட நின்று பார்த்திருக்கிறேன்.

போயிங் விமானத்தின் வாலுக்குள் ஒரு சிறிய என்ஜின் உண்டு. அது பறப்பதற்கு அல்ல. தரையில் நிற்கும்போது விளக்கு எரியவும், உள்ளே குளிர்ச்சி வரவும், பெரிய என்ஜின்களைக் கிளப்பக் காற்றுக் கொடுக்கவும்தான். ஏ.பி.யூ. என்பார்கள். அதை அணைத்துவிட்டுப் பவர் வண்டியைக் கொண்டுவந்து சொருகினால் மின்சாரம் கிடைக்கும், குளிர்ச்சி கிடைக்காது. மே மாதத்தில் அந்தக் காக்பிட்டில் உட்கார்ந்தால் இட்லி மாதிரி வெந்துவிடலாம். ஆகவே ஒரு கேப்டன் இறங்கி இன்னொரு கேப்டன் ஏறும்போது, ஏ.பி.யூ.வை ஓடவிட்டே ஒப்படைப்பது மரியாதை. அணைத்துக் கொடுத்தால் 'இருட்டு விமானம்' கொடுத்ததாகப் பெயர்.

எண்ணெய் விலை ஏறியது. தேவையில்லாமல் ஓட்டாதீர்கள் என்று சுற்றறிக்கை வந்தது. மரியாதையையும் விட மனசில்லை, சுற்றறிக்கையையும் மீற முடியாது. அதனால் கேப்டன்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டார்கள். "விட்டுவைக்கட்டுமா?" என்று ஒருவர் கேட்க வேண்டும், "வேண்டாம்" அல்லது "நன்றி" என்று மற்றவர் சொல்ல வேண்டும். இதில் கஷ்டம் ஒன்றே ஒன்று. யார் முதலில் வாயைத் திறப்பது? ஏறுகிறவர்தான் மேலே வந்து பேச்செடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. யாராக இருந்தாலும் ஜூனியர்தான் என்பது இன்னொரு கட்சி. எங்கள் தெருக் குழாயடியில் இதைவிடத் தெளிவான சட்டம் உண்டு. முதலில் குடம் வைத்தவளுக்கு முதலில் தண்ணீர். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரும் லண்டனில் பயிற்சி எடுத்தவர்கள் இல்லை.

கூடத்தில் இருந்த இரண்டு கேப்டன்களில் ஒருவர் பைப் பிடிப்பார். மைலாப்பூரில் பிறந்தவர். சீனியர். இன்னொருவர் பெரிய மீசை வைத்தவர், பைப் கேப்டனுக்குச் சில மாதங்கள் ஜூனியர். இருவர் வீடும் அடையாறில், அடுத்தடுத்த தெருவில். முந்தின வருஷக் கோடையில் மீசை கேப்டன் இருட்டு விமானம் ஒன்றைப் பைப் கேப்டனிடம் கொடுத்துவிட்டார். பயணிகள் முன்னால் சட்டை நனைந்துபோனதாம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே நேரத்தில் டியூட்டி என்றாலும் அடுத்தடுத்த தெருவுக்கு இரண்டு கார் போகும். எரிபொருளைச் சேமியுங்கள் என்ற சுற்றறிக்கை ஒட்டிய சுவருக்கு முன்னால்தான் அந்த இரண்டு கார்களும் கிளம்பும்.

சம்பவத்தன்று மீசை கேப்டன் ஹைதராபாத்திலிருந்து விமானத்தைக் கொண்டுவந்தார். அதைப் பம்பாய்க்கு ஓட்டிப் போக வேண்டியவர் பைப் கேப்டன். உச்சி வெயில். வந்த பயணிகள் இறங்கிப் போய்விட்டார்கள். மீசை கேப்டன் காக்பிட்டை விட்டு இறங்கவில்லை. பைப் கேப்டன் இறக்கை நிழலில் நின்றுகொண்டு, பற்றவைக்க முடியாத பைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். வால் என்ஜின் கத்திக்கொண்டே இருந்தது.

"அவர் எறங்கட்டும், நான் ஏறறேன்," என்றார் கீழே இருந்தவர் என்னிடம்.

"அவர் வரட்டும், வந்து கேக்கட்டும்," என்றார் மேலே இருந்தவர்.

சுமைக் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு நான் படியில் ஏறி ஏறி இறங்கினேன். அதற்குள் வண்டிக்காரர் பவர் வண்டியைக் கொண்டுவந்து மூக்கின் கீழ் நிறுத்தினார். காக்பிட் ஜன்னலிலிருந்து கேப்டன் கட்டைவிரலைக் காட்டினால்தான் அதைச் சொருகலாம். மீசை கேப்டன் கையை ஆட்டிப் போகச் சொன்னார். வண்டியைச் சொருகினால் ஏ.பி.யூ.வை அணைக்க வேண்டியிருக்கும். மறுபடி இருட்டு விமானம் என்று பேச்சு வரும்.

"இன்னா சார், போவச் சொல்றாரா, வரச் சொல்றாரா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"போகத்தான் சொல்றார்."

"வாலு இன்னா கத்து கத்துது பாரு. கரண்டு வாணாமாமா?" நிழலில் நின்றவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "புருசன் பொண்டாட்டி சண்ட மாதிரி கீது. சோறு ஆறிப்போவுது, யாரு மொதல்ல கூப்புட்றதுன்னு ரெண்டு பேரும் மொறச்சிகினு கீறாங்க."

கொஞ்சம் கழித்து மனசு கேட்காமல் மறுபடி வண்டியைக் கொண்டுவந்தார். மறுபடி கை ஆடியது. அவர் திரும்பிப் போன சிறிது நேரத்தில் வாலின் சத்தம் கரகரத்து, இறங்கி, நின்றுபோனது. சூடு தாங்காமல் உள்ளே ஏதோ போய்விட்டது. அது இல்லாமல் பெரிய என்ஜின்களைக் கிளப்ப வெளியிலிருந்து காற்று வேண்டும். காற்றுக் கொடுக்கும் வண்டி, உதிரிபாகம் வராமல் ஷெட்டில் கிடந்தது. பம்பாய் விமானம் ரத்து.

அப்போதுதான் பைப் கேப்டன் மேலே ஏறினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசியது இதுதான்.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"நீங்க மேல வந்திருந்தா இது ஆகியிருக்குமா?"

அதன் பிறகு நன்றாகவே பேசியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் இருவரும் மேலாளரிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள்: பவர் வண்டி வரவில்லை, அதனால் ஏ.பி.யூ.வை ஓட்ட வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் தற்காலிக ஊழியர். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். விசாரணை எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் ஆதம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார்.

"நைனா, நீ பாத்த இல்ல? வேற யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. இந்த வேல போச்சுன்னா நானும் புள்ளைங்களும் இன்னா பண்றது?"

"பார்த்தேன்," என்றேன். "கேட்டா சொல்றேன்."

விசாரணையில் நான் அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தக் காபி.

"நீ படிச்ச பையன்," என்று ஆரம்பித்தார் பைப் கேப்டன். "வண்டி வரவே இல்லைன்னு நீ சொல்ல வேண்டாம். லேட்டா வந்ததுன்னா போறும். எங்காத்துல உன் வயசுல ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

"கொஞ்சம் லேட்," என்றார் மீசை கேப்டன். "பத்து நிமிஷம்னு வெச்சுக்கலாமா?"

"பத்து போறுமா? நீங்களே சொல்லுங்கோ."

"இல்லல்ல, நீங்க சீனியர். நீங்க சொல்லுங்க."

"நீங்கதானே மேல இருந்தேள், நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

இப்படி ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டே இருந்தார்கள். விமானத்தடியில் ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் போன மரியாதை, ஒரு ஏழையின் வேலையைப் பறிக்க வேண்டும் என்றதும் எவ்வளவு சரளமாக வந்தது. உதவி மேலாளர் இரண்டு பேரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார், நிச்சயதார்த்தத்தில் சம்பந்திகளைப் பார்ப்பவர் மாதிரி.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். 

"வண்டி ரெண்டு தடவை வந்தது சார். ரெண்டு தடவையும் இவர் கை காட்டித் திருப்பி அனுப்பினார். அவர் நிழல்ல நின்னு பார்த்தார். விசாரணையிலும் இதைத்தான் சொல்லுவேன்."

"உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை. தெரியும்ல?" என்றார் உதவி மேலாளர்.

"தெரியும் சார்."

பைப் கேப்டன் மீசை கேப்டனைப் பார்த்து, "இதுக்குத்தான் கண்டவாளையெல்லாம் வேலைக்கு எடுக்கப்படாதுங்கறது," என்றார். மீசை கேப்டன் மரியாதையாகத் தலையாட்டினார்.

விசாரணையில் சொன்னேன். நான் சொன்னதும் ஒரு என்ஜினியருக்கும் தைரியம் வந்து, அவரும் பார்த்ததைச் சொன்னார். வண்டிக்காரரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வெளியே நின்ற நாட்களுக்குச் சம்பளம் இல்லாமல். என் நிரந்தர உத்தரவு ஆறு மாதம் தள்ளிப்போனது. வால் என்ஜினைப் பழுதுபார்த்த செலவும், பயணிகளை ஓட்டலில் தங்கவைத்த செலவும் கம்பெனியுடையது. அதை யாரும் அந்த இருவரிடம் கேட்கவில்லை. கம்பெனியின் வருத்தத்தைத் தெரிவித்து அவர்களுக்கு ஆளுக்கு ஒரு கடிதம் போனது, கூடவே ஒரு நாள் படி பிடித்தம். சீனியர் என்பதால் பைப் கேப்டனின் படி எட்டு ரூபாய் அதிகம். ஒரே தவறுக்குத் தனக்கு மட்டும் கூடுதலாகப் பிடிப்பது அநியாயம் என்று அவர் மனுப் போட்டார். மனுவை ஏற்றுக்கொண்டு எட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய்.