என் குரலில் பேசியவர்

சென்னையில் டீவி வந்த புதிதில் என் கணவர் அதில் நடிக்கப் போனார். திருவள்ளூரில் ஒரு ஆபீசில் அவருக்குக் குமாஸ்தா வேலை. நாங்கள் இருந்தது திருப்பாச்சூரில். நெல் நிலம் கொஞ்சம் இருந்தது, அதை அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார். இவருக்கோ பாட்டு. திருவிழா மேடையில் கேலிப் பாட்டுப் பாடுவார், நடுவில் குரலை மாற்றிப் பேசிச் சிரிக்கவைப்பார். அதை யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, டீவியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்ததும் ரயிலேறிவிடுவார். "பாட்டுதாம்மே, வேற ஒண்ணும் இல்ல" என்பார். எந்தக் கிழமை காட்டுவார்கள் என்று கேட்டால் ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்ல மாட்டார். எங்கள் தெருவில் யாரிடமும் டீவி கிடையாது.

முதலில் சட்டைக் காலரில் ரோஸ் பவுடரைப் பார்த்தேன். மோந்து பார்த்தால் ஸ்நோ வாசனை.

"இன்னாங்க இது?"

"லைட்டு மூஞ்சியில அடிக்கும்மே. ஆம்பள, பொம்பள எல்லாருக்கும் பூசுவாங்க."

அடுத்த வாரம் பாக்கெட்டில் இரண்டு கொண்டை ஊசி.

"இதையும் எல்லாருக்கும் பூசுறாங்களா?"

சட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர், ஒரு பாட்டை முணுமுணுத்தபடி தானே துவைத்துப் போட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் துணி துவைத்து நான் பார்த்ததில்லை.

அந்த மாதமே என் அண்ணன் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த பெரிய கட்டம் போட்ட சேலை காணாமல் போனது. வெளுக்கிற அம்மாவைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன். "தாயாணக்கி நான் எடுக்கலம்மா" என்று அவள் அழுதாள். அப்போதும் நான் நம்பவில்லை.

என் ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி, மெதுவாக ஊதிவிட்டாள். "டீவின்றாரு, பாட்டுன்றாரு. யாரு கண்டது? பட்டணத்துல எவளையாவது சேத்துக்கினு கீறாரோ இன்னாவோ. அந்தச் சேல எங்க போச்சுன்னு நெனைக்கிற?"

அவர் தலைவாரினால் யாருக்காக வாருகிறார் என்று பார்த்தேன். தூக்கத்தில் சிரித்தால் எழுந்து உட்கார்ந்தேன்.

திருவள்ளூரில் அரிசி மில் வைத்திருந்த ஓரகத்தியின் சித்தப்பா வீட்டுக்கு டீவி வந்துவிட்டது என்று தெரிந்ததும், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் பஸ் ஏறினோம். கூடம் நிறையக் கூட்டம். செய்தி முடிந்தது, நாட்டியம் முடிந்தது. அப்புறம் ஒரு நாடகம். வாசல் வழியாக ஒருத்தி வந்தாள். கட்டம் போட்ட சேலை. கறுப்பு வெள்ளையிலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதோ பாரு, உன் சேல!" என்று ஓரகத்தி என் தொடையைக் கிள்ளினாள்.

அந்தப் பொம்பளை ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து, காலரைப் பிரித்து, கண்ணை மூடி மோந்தாள். இடுப்பில் கைவைத்து, "இன்னாங்க இது?" என்றாள்.

என் குரல். இழுப்பும் மூக்கடைப்பும் அப்படியே இருந்தன. பேசியவர் என் கணவர்.

கூடம் அதிர்ந்தது. மில்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டீவியில் என் கணவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷனைச் சந்தேகப்பட்டு ஒரு பாட்டுப் பாடினார். கிணற்றடியில் முணுமுணுத்த அதே மெட்டு. நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பாத்துட்டியாம்மே?"

"ஊர் சிரிக்கத்தான் என்னக் கட்டினீங்களா?"

"உன்னாட்டம் பேசினாத்தான் சிரிக்கிறாங்க. நானா எழுதினதுக்கு ஒருத்தன் சிரிக்கல." தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நீ உடமாட்டியோன்னு பயம்."

எவளும் இல்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. நான் பேசுவதையெல்லாம் இவர் மனசில் எழுதிக்கொள்கிறாரோ என்ற புதுச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாளே வெளுக்கிற அம்மா வீட்டுக்குப் போய்த் தப்பு என் பேரில்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சோறு வேண்டுமா என்பதைக் கரண்டியைக் காட்டிக் கேட்டேன். பாத்திரம் விழுந்தாலும் திட்டவில்லை. அவர் பக்கத்தில் வந்து வந்து நின்று பார்த்தார்.

இரண்டு மாதத்தில் டீவியிலிருந்து கூப்பிடுவது நின்றது. பேசினதையே பேசுகிறார் என்றார்களாம். சனிக்கிழமை மதியம் வீட்டிலேயே படுத்திருந்தார். ஷேவ் செய்யும்போதுகூடப் பாடவில்லை. எனக்கு அந்த அமைதியும் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி என் கொடியில் தன் துணியைக் காயப்போட்டாள். வழக்கமாக விட்டுவிடுவேன். அன்று விடவில்லை. "இன்னாக்கா, உங்க ஊட்டுக் கொடி இன்னா ஆச்சி, ஓடிப்போச்சா?" என்று ஆரம்பித்தேன். அவளும் சளைத்தவள் இல்லை. நடுவில் திரும்பினால் கதவிடுக்கில் அவர், ஆபீஸ் கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

பார்க்காதவள் மாதிரித் திரும்பிக்கொண்டு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். நான் வேண்டுமென்றேதான் கத்தினேன் என்பது அவருக்குத் தெரியுமா என்று அன்றைக்கும் சந்தேகம், இன்றைக்கும் சந்தேகம். அவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.