குத்தாலம்: பருத்தி வரப்பில் தேனீக்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

மே மாதத்தின் முதல் சனி, ஞாயிறு குத்தாலம் போய்வந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஜோசப் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: "எங்க அக்கா தினம் காலையில தேனீ வேலை பார்க்குது சார். பரங்கிப் பூவுக்குப் பூ கையாலயே மகரந்தம் தடவுது. தேனீ வர்றதில்லையாம்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு, ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் விற்பனை ஆளாக ஆறு வருடம் இதே குத்தாலம் பக்கம் மோட்டார் சைக்கிளில் சுற்றியவன் நான். புதுப்புதுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கிய காலம். "செடிக்குள்ளேயே ஊடுருவிப் போகும், எந்தப் பூச்சி கடிச்சாலும் சாகும்" என்று கடை கடையாகச் சொன்னேன். செடிக்குள் போவது பூவுக்குள்ளும் போகும்தானே? அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யோசித்ததுகூட இல்லை.

எழும்பூரில் காலை எட்டேகாலுக்கு ரயில். முன்பதிவு இருக்கை 120 ரூபாய். மதியம் ஒன்றரைக்கு மயிலாடுதுறை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 600 ரூபாய்க்கு ஓர் அறை (மின்விசிறி சத்தம் போடும், தண்ணீர் நன்றாக வரும்). அங்கிருந்து கும்பகோணம் பேருந்தில் பதினொரு கிலோமீட்டர் போனால் குத்தாலம், 9 ரூபாய். பிறகு ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 80 ரூபாய். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் வயல்கள் பச்சையாக இருந்தன. நெல் அறுத்த நிலத்தில் மோட்டார் தண்ணீரில் கோடைப் பருத்தி. "எங்க பார்த்தாலும் பருத்திதாங்க" என்றார் ஆட்டோ ஓட்டுநர். "கண்ணாடிய ஏத்த முடியாத வண்டி. மருந்தடிக்கிற வயலத் தாண்டும்போது மூச்சப் பிடிச்சுக்குவேன்."

ஜோசப்பின் அக்கா ஆரோக்கியமேரிக்கு ஐம்பது வயது. அவருடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். கணவர் பதினோரு வருடமாகக் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். அந்தச் சம்பளத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கரில் அக்கா தனியாகப் பரங்கியும் பாகலும் போட்டிருக்கிறார். போனதும் என்னை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய் மண் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள்.

"இதுங்களுக்குப் பேரு தெரியாது. வயித்துல நீலக் கோடு கோடா இருக்கும். ஒண்ணொண்ணும் தனித்தனி வீடு. மூணு வருஷம் முன்னால இந்தச் செவுத்துப் பக்கம் வந்தா இரைச்சல் காதை அடைக்கும்."

இப்போது பெரும்பாலான ஓட்டைகளில் சிலந்தி வலை. பக்கத்து வயலில் பருத்தி வந்த பிறகுதான் இப்படி என்றார். மருந்தடித்த மறுநாள் தேனீக்கள் தரையில் சுற்றிச் சுற்றி ஊர்ந்தனவாம். செத்ததைப் பொறுக்கிப் பார்க்கலாம். வெளியே போய் வீட்டுக்கு வழி தெரியாமல் தொலைந்ததை எங்கே தேடுவது என்று கேட்டார். நான் விற்ற மருந்துகள் தேனீயின் நினைவைக் குழப்பும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அக்கா படிக்கவில்லை, பார்த்திருக்கிறார்.

ஞாயிறு காலை 5.50க்கு நான் போனபோது பரங்கிப் பூக்கள் விரிந்திருந்தன. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவுக்குள் மெதுவாகத் தடவ வேண்டும். பத்து மணிக்குள் பூ மூடிவிடும். நானும் செய்தேன். ஐம்பது பூ முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. ஏழு மணி வாக்கில் நீலக் கோட்டுத் தேனீ ஒன்று வந்து ஒரு பூவுக்குள் புகுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அக்கா நிமிர்ந்து, அசையாமல் நின்று பார்த்தார். "இந்த வருஷம் இப்பத்தான் ரெண்டு சேர்ந்து வருது" என்றார்.

ஏழரைக்குப் பக்கத்து வயலில் மருந்தடிக்கும் செல்வம் இரண்டு ஆட்களோடும் ஸ்பிரேயரோடும் வந்து இறங்கினார். வயல்காரர் சிங்கப்பூரில். சாகுபடி முழுக்கத் தொலைபேசியில்தான் நடக்கிறது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அடிங்க செல்வம். தேனீயெல்லாம் அடைஞ்சிரும்" என்றார் அக்கா.

"சாயங்காலம் வேற வயலுக்கு ஒத்துக்கிட்டேங்க்கா. ஓனரு இப்பவே அடிக்கச் சொல்லிட்டாரு."

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு வயலுக்கும் பொதுவான வரப்பில் போய் நின்றார். "ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாம நிக்கிறேன். அடிக்கிறதுன்னா என் மேலயும் சேர்த்து அடிங்க."

செல்வம் சிங்கப்பூருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "என் வயல்ல நான் அடிக்கிறேன். அவங்களுக்கென்ன?" என்றது குரல்.

"உங்க வயல் வரப்போட நின்னுருது தம்பி. மருந்து நிக்க மாட்டேங்குது" என்றார் அக்கா.

"தேனீ வேணும்னா பெட்டி வாங்கி வளர்த்துக்கங்க. மருந்தடிக்கிற அன்னிக்கு மூடி வச்சிருங்க."

"பெட்டித் தேனீன்னா தூக்கிட்டுப் போயிருவேன். செவுத்துல குடியிருக்கிறத எங்க தூக்கிட்டுப் போறது? உங்களுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் விசா கிடைச்சுது. அதுக்கு யாரு குடுப்பா?"

நான் செல்வத்திடம் மருந்து பாட்டிலை வாங்கினேன். கடுகைவிடச் சிறிய எழுத்து. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே வைத்து உரக்கப் படித்தேன்: தேனீக்கள் நடமாடும் நேரத்தில் தெளிக்கக் கூடாது.

"நீங்க யாரு சார்?" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

"இதே ஊர்ல இந்த மாதிரி மருந்தை வித்தவன். படிச்சுச் சொல்லாம வித்தவன். இப்ப படிச்சுச் சொல்றேன்." என்றேன்.

"சரி, இன்னிக்கு மட்டும் சாயங்காலம் அடிக்கட்டும்" என்றார் அவர்.

"இன்னிக்கு மட்டும்னு நான் கேக்கலை" என்றார் அக்கா. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

செல்வம் குழாயைச் சுருட்டினார். "பன்னெண்டு வருஷமா அடிக்கிறேன், ஒருத்தரும் இதைப் படிச்சுக் காட்டினதில்லை. வெயில்ல அடிச்சா எனக்கும்தான் கண்ணு எரியுது. சாயங்காலம் ஒத்துக்கிட்ட வயலை நாளைக்குத் தள்ளிக்கிறேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஜோசப் சொன்னார்: வயல்காரர் வேறு ஆட்களைக் காலை எட்டு மணிக்கு அனுப்பியிருக்கிறார். அக்கா மறுபடி வரப்பில் நின்றிருக்கிறார். இந்த முறை பக்கத்துப் பாகல் தோட்டத்துப் பெண்கள் இருவரும், செல்வமும் கூட நின்றார்களாம். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

தேனீக்கள் திரும்பிவிட்டனவா என்று கேட்காதீர்கள். அக்கா இன்னும் கையால்தான் தடவுகிறார். மாலையில் அடிப்பது முழுத் தீர்வும் இல்லை. விதையிலேயே மருந்து பூசி வரும் பருத்தியின் பூவில் எந்த நேரமும் நஞ்சு இருக்கலாம். தெரிந்துதான் சொல்கிறேன். அதற்காகக் காலை நேரத்தையும் விட்டுக்கொடுக்கச் சொன்னால் முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வயலில் இருங்கள். மயிலாடுதுறையில் முதல் பேருந்து கிடைத்தால் போதும். பழைய மண் சுவர், வாய்க்கால் கரை, காய்ந்த மூங்கில் ஆகியவற்றைப் பாருங்கள். காட்டுத் தேனீக்கள் அங்கேதான் இருக்கும். மருந்து வாடை வந்தால் அந்த வயலுக்குள் இறங்காதீர்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். குத்தாலம் கடைத்தெருவில் 25 ரூபாய்க்கு நல்ல பொங்கல் கிடைக்கும், எட்டரைக்குத் தீர்ந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களில் பலருக்கு அந்தப் பக்கம் நிலம் இருக்கிறது என்று பின்னூட்டங்களில் பார்த்திருக்கிறேன். நீங்கள் குத்தாலம் வரவேண்டியதில்லை. உங்கள் வயலைப் பார்த்துக்கொள்பவரை இன்றைக்கே கூப்பிட்டு, காலையில் மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்ல முடியாது என்றால், ஏன் முடியாது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.