தங்க ரேக்கில் எங்கள் முதலாளி

நேற்று என் மகள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண் இமைப்பதற்குள் நான் கிரீடம் வைத்த மகாராஜா. தொப்பையைக்கூடக் கரைத்துவிட்டது அந்தப் போன். அரசவை ஓவியர்கள் எக்காலத்திலும் செய்துவந்தது இதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரே அரசவை ஓவியர் மட்டும் இதற்குத் தலைகீழ்.

டாட் காம் காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாட்கள். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் எங்கள் கம்பெனி. முதலாளி பிரையனுக்கு இருபத்தாறு வயது, குச்சி உடம்பு. நாங்கள் என்ன விற்கிறோம் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. பணம் போடுகிறவர்கள் கேட்காதபோது நாம் கேட்பது மரியாதையில்லை. வரவேற்பறையில் தன் ஓவியம் ஒன்று மாட்ட வேண்டும் என்று பிரையனுக்கு ஆசை வந்தது. ஆபீஸில் பக்கத்துத் தடுப்பில் இருந்த என் நண்பன் சீனுவுக்கோ கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பிரையனின் கையெழுத்து தேவை. என் வொய்ஃப் பெயிண்டர் என்று சொல்லிவிட்டான்.

பொய்யில்லை. டிபென்டென்ட் விசாவில் வேலைக்குப் போக முடியாத பத்மா, வீட்டில் தஞ்சாவூர் படம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு சாம்பாரில்கூடக் கோந்து வாடை அடிக்கும். ஆனால் அதுவரை கிருஷ்ணரைத் தவிர யாரையும் அவள் வரைந்ததில்லை.

படம் முடிந்ததும் சீனு என்னை அவசரமாக அழைத்தான். மண்டபம், தூண்கள், நடுவே சுழல் நாற்காலியில் கொழுகொழுவென்று பிரையன். மஞ்சள் முடிமேல் தங்க ரேக், சாமி கிரீடத்துக்கு ஒட்டுகிற அதே மெல்லிய பொன் தகடு. கையில் காப்பிக் கோப்பை, அதைச் சுற்றிச் சிவப்புக் கல்.

கன்னத்தையாவது கொஞ்சம் குறைக்கும்படி சீனு கெஞ்சினான்.

"தஞ்சாவூர் படத்துல ஒல்லியா யாருமே கிடையாதுங்க. உடம்பு ஒண்ணுதான், ஆளுதான் மாறுவாங்க."

"உனக்கு ஸ்டைல். எனக்கு கிரீன் கார்டுடி."

"அப்ப அவரை நாலு வேளை சாப்பிடச் சொல்லுங்க."

பிரையன் படத்தை வெகுநேரம் பார்த்தார். சீனு மனதுக்குள் பெட்டி கட்டி, ஊருக்குப் போய் இறங்கியே விட்டான். கடைசியில், நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா இனி புலம்ப மாட்டாள் என்றார் பிரையன். கையெழுத்தும் போட்டார். அதன்பின் சாஃப்ட்வேர் ரிலீஸ் நாட்களில் அந்தப் படத்தைத் தாண்டும்போது நம் ஆட்களின் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பகுத்தறிவு பேசுகிற நானும் இரண்டொரு முறை போட்டுக்கொண்டதுண்டு.

இரண்டாயிரத்து ஒன்றில் கம்பெனி கவிழ்ந்தது. சீனுவின் விண்ணப்பமும் கூடவே முழுகியது. நாற்காலிகள், டேபிள் டென்னிஸ் மேஜை எல்லாம் ஏலத்துக்குப் போயின. படத்தை எடுத்தவர் இந்திய மளிகைக்கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக்காரர். தங்க முடியைக் கிரீடம் என்றும் காப்பிக் கோப்பையை வெண்ணெய்ப் பானை என்றும் நினைத்துவிட்டார். துவரம்பருப்பு வாங்கப் போன எங்களுக்குக் கல்லாவுக்கு மேலே, மாலையும் ஊதுபத்தியுமாக பிரையன் தரிசனம் தந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்க, சீனு செருப்பைக் கழற்றினான்.

"டேய், அது பிரையன்டா."

"தெரியும் மச்சி. அவர் கையெழுத்து போட்டதுதானே பாதியில நிக்குது? வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?"

சில வருடங்களில் வேறொரு கம்பெனி மூலம் கார்டு வந்தது. வேறொரு கம்பெனி என்பதை சீனு ஒப்புக்கொள்வதே இல்லை. அன்றே தேங்காயோடு அந்தக் கடைக்குக் கிளம்பிப் போனான். கடை இருந்த இடத்தில் நாய்களுக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தார்கள். படம் எங்கே போயிற்று என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

தேங்காயை என்ன செய்தாய் என்று கேட்டேன். பத்மா சட்னி அரைத்துவிட்டாளாம்.