தொலைந்த சாவி

பாளையங்கோட்டையில் பெண்களுக்கான ஓர் ஆலோசனை மையத்துக்கு நான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அங்கே பெண்கள் சொல்வதை வெளியார் படிக்க முடியாதபடி பூட்டிவைக்க ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது யாரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தினேன். அதன் குறிப்புகள் எனக்குப் பாதிதான் புரிந்தன. பூட்டியதைத் திறக்கும் ரகசியக் குறியீடான சாவியைத் தனியாகச் சேமிக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்ததும் அதன் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருந்த சாவி அழிந்துபோனது. அம்பாசமுத்திரத்து அக்கா ஒருவர் அழுதுகொண்டே சொன்ன பதிவு திறக்கவே இல்லை. எங்கே தவறினேன் என்று புரியவே இரண்டு நாளானது.

அவர் மறுபடி வந்தபோது நானே சொன்னேன். "தப்பு எம்மேலதான்க்கா. நீங்க சொன்னதை இனி திறக்க முடியாது."

"யாராலயுமா?"

"என்னாலகூட முடியாது."

அவர் பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு தம்பி. எழுதி வச்சிட்டாவளேன்னு பயந்துட்டே கெடந்தேன்."

சேமிக்கலாமா என்று அவரிடம் நாங்கள் யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.