ஆர்டிஸ் நின்றால் நேரே போகும் அம்பு

லைல் டோலெஃப்சன் விஸ்கான்சினில் ஒரு பாலாடைக்கட்டி ஆலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். மனைவி ஆர்டிஸைத் தவிர யாரையும் ஏமாற்றியதில்லை. அதுவும் ஒரே விஷயத்தில்தான். எப்போதும் வலது கன்னத்தில் கோலிக்குண்டு அளவுக்குப் புகையிலை அதக்கியிருப்பார். ஆர்டிஸின் காலடிச் சத்தம் கேட்டதும் துப்பிவிடுவார். ஆர்டிஸுக்கு இது தெரியவே தெரியாது என்று இருபத்தாறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கம் வில்வேட்டை தொடங்கும். ஆர்டிஸின் அண்ணன் வெண்டலுக்குச் சொந்தமான காட்டில் எட்டுப் பேர் முகாம் போடுவார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. முந்தின நாள் மாலை, முப்பது கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. மூன்று அம்பில் குறைந்தது இரண்டு அதில் தைக்க வேண்டும். தைக்காதவன் சீசன் முழுக்கப் பாத்திரம் கழுவணும், காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. லைல் இரண்டு வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாம் வருஷமும் தோற்றால், ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் அவர் உட்காரும் பரண் வெண்டலின் மருமகனுக்குப் போய்விடும். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வேட்டைக்கு வருகிற ஆள் அவன். லைலுக்கு அந்த மரம் என்றால் உயிர். 

ஆகஸ்ட் முழுக்க வில்லைச் சரிசெய்தார். பயிற்சிக்குப் போடும் மொட்டை முனை எப்படி விட்டாலும் ஓரளவு நேராகப் போய்விடும். வேட்டை முனை அப்படியில்லை. அதில் மூன்று பிளேடு இருக்கும். அம்பு புறப்படும்போது இம்மி கோணினாலும் காற்று அந்த பிளேடுகளைப் பிடித்து இழுத்துப் போய்விடும். இரண்டு முனையும் ஒரே இடத்தில் தைக்கிற வரைக்கும் வில்லில் அம்பு படுக்கும் தாங்கியை நகக்கண் அளவு நகர்த்தி நகர்த்தி எய்ய வேண்டும். அம்பு கோணுகிறதா என்று பார்க்க, செய்தித்தாளை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கிட்டே நின்று அதன் வழியே விட்டுக் கிழிசலைப் பார்ப்பார்.

"இறந்தவங்க பக்கத்தையே குறி வச்சு அடிப்பியா?" என்பார் ஆர்டிஸ். "யாரு போனாங்கன்னே தெரியாம நான் எந்தத் துக்க வீட்டுக்குச் சாப்பாடு செஞ்சு எடுத்துட்டுப் போறது?"

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வேட்டை அம்பு கொட்டகைப் பலகையைத் துளைத்துக்கொண்டு போய், ஆர்டிஸின் உறைபெட்டியில் பாய்ந்தது. உறையவைத்திருந்த நாற்பது பை மக்காச்சோளம் இளகிக் கெட்டுப்போயிற்று. அன்றைக்கே அவர் கட்டளை போட்டார்: "இனிமே பிளேடு முனை போட்டா, நான் பக்கத்துல நிக்காம ஒண்ணுகூட விடக் கூடாது."

ஆகவே மொட்டை முனையை எய்யும்போது கன்னத்தில் புகையிலை இருக்கும். வேட்டை முனையை எய்யும்போது ஆர்டிஸ் இருப்பார். நாணை இழுத்துக் கன்னத்தில் பதித்துத்தான் குறி பார்க்க வேண்டும். கன்னம் வீங்கியிருந்தால் நாண் தள்ளி நிற்கும், அம்பு இடப்பக்கம் போகும். இது லைலின் மண்டையில் ஏறவேயில்லை. மொட்டை முனைக்கு ஏற்றபடி, வில்லில் குறி பார்க்க இருக்கும் குறிமுள்ளைத் திருப்புவார். வேட்டை முனை வலப்பக்கம் போகும். அதற்காகத் தாங்கியை நகர்த்தினால் மொட்டை முனை இடப்பக்கம் ஓடும். காற்றைத் திட்டினார், பக்கத்துப் பண்ணையின் மின்வேலியைச் சந்தேகப்பட்டார். வில் ஒழுங்காகத் தொங்குகிறதா என்று சமையலறை விட்டத்தில் தூக்குக்குண்டு கட்டினார். அது ஒரு வாரம் சூப் பாத்திரத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வெறுத்துப்போய் மொட்டை முனைகளை எடுத்து வைத்துவிட்டார். ஆர்டிஸ் பக்கத்தில் நிற்க, வேட்டை முனையை மட்டும் வைத்துக் குறிமுள்ளைத் திருத்தினார். மூன்று அம்பும் நடுவில் தைத்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை முகாமில் ஆண்கள் மட்டுமே. நிம்மதியாக அதக்கிக்கொண்டு வந்து முதல் அம்பை விட்டார். தட்டுக்கு நாலு விரல் இடப்பக்கம் தைத்தது.

"மாப்ளே," என்றார் வெண்டல், "சோப்பு போன வருஷ இடத்துலதான் இருக்கு."

லைல் இரண்டாவது அம்பை மாட்டும்போது சாலையில் ஆர்டிஸின் பழைய பிக்கப் உறுமியது. மாத்திரையை மறந்துவிட்டு வந்திருந்தார் லைல். சத்தம் கேட்டதுமே வாய் தானாகத் துப்பிவிட்டது. எய்தார். நட்டநடுவில் தைத்தது.

ஆர்டிஸ் மாத்திரைச் சீசாவை நீட்டிவிட்டுத் திரும்பினார்.

"போகாத!" என்று அலறினார் லைல். "நீ நின்னாத்தான் நேரா போகுது!"

"பொம்பளைங்க முகாமுக்குள்ள நிக்கக் கூடாது. எங்கப்பா போட்ட சட்டம்," என்றார் வெண்டல்.

"சட்டத்துல வண்டிக்குள்ள உக்காரக் கூடாதுன்னு இருக்கா மச்சான்?" என்று மடக்கினார் லைல்.

கால் மணி நேரம் வழக்கு நடந்தது. பிக்கப்பின் முன்சக்கரம் உள்ளே இருக்கலாம், ஆர்டிஸ் உட்காரும் இருக்கை எல்லைக்கல்லுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று தீர்ப்பாகி, இஸ்திரிச் சட்டை மருமகனே நாடாவைப் பிடித்து அளந்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு ஆர்டிஸ் பார்த்தார். மூன்றாவது அம்பும் தட்டில் தைத்தது.

லைல் ஓடி வந்தார். "வில்லு உனக்குத்தான் பழகியிருக்கு ஆர்டிஸ்! சத்தியமா!"

"எனக்கு இல்ல. உன் காலிக் கன்னத்துக்கு," என்றார் ஆர்டிஸ். "வாயத் தொடச்சுக்கோ."

லைல் வாயைத் துடைத்துக்கொண்டார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறுவாரத்துலேர்ந்து. புகையிலையால உங்கண்ணன் தாடைய எடுத்தப்ப ஆஸ்பத்திரியில நான்தானே கூட இருந்தேன்? உன்கிட்டச் சொன்னா சண்டை போடுவ, ஒளிஞ்சு போடுவ. நான் பக்கத்துல நின்னா அரை மணி நேரமாவது துப்பிட்டு நிப்ப. மத்தபடி, கொசுக்கடியில உன் பிளேடப் பாக்கவா வந்து நின்னேன்?"

லைல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "நாளைக்கு மரத்துக்கு வரியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை விடியலில் வெள்ளை ஓக் அடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார் ஆர்டிஸ். மிட்டாய்த் தாளைச் சரசரவென்று பிரித்தார், இரண்டு முறை தும்மினார், மேலே பார்த்து, "குளுருதா?" என்று கத்திக் கேட்டார். அரை மைல் சுற்றளவில் ஒரு மான் தலைகாட்டவில்லை.

மதியம் வரைக்கும், ஏழு மணி நேரம், லைலின் கன்னம் காலியாக இருந்தது. ஆர்டிஸுக்கு இவ்வளவு நல்ல வேட்டை அதற்கு முன் அமைந்ததேயில்லை.