தெருவில் கேட்பார்கள்

அந்தக் கோடை விடுமுறைக்கு மதுரை விடுதியிலிருந்து ராஜபாளையம் வந்து இறங்கியபோது எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: அண்ணனுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது. யாரும் அதை என்னிடம் ஒப்படைக்கவில்லை, நானாகத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். புவியியல் இரண்டாம் வருஷம் முடித்தவள், ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவள், தெலுங்கும் சமாளிப்பேன். என்னை விட்டால் வேறு யார்?

அண்ணன் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். அதே ஆலையில் வைண்டிங் பிரிவில் இருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மதினி வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். வெறும் பாஷை என்றால் எங்கள் ஊரில் அது ஒரு பிரச்சினையே இல்லை. காய்கறி விற்கிறவர் இரண்டிலும் விலை சொல்வார், இரண்டிலும் வைவார். ஆனால் பாஷைக்குப் பின்னால் ஆட்கள், ஆட்களுக்குப் பின்னால் தெரு, தெருவுக்குப் பின்னால் சாவடி, கோயில், சுடுகாடு என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு வீடுகளும் கதவை அடைத்துக்கொண்டன. அண்ணனும் மதினியும் செட்டியார்பட்டியில், அண்ணனின் நண்பன் ஒருவனுடைய தறிக்கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தார்கள். இப்போது அந்த நண்பனுக்கே கல்யாணம் நிச்சயமாகி அறை தேவைப்பட்டது. மதினிக்கோ ஆறாம் மாசம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தாய்வீடு கதவைத் திறக்காததால் தாயே கிளம்பி வருவது என்று ஏற்பாடாகியிருந்தது. மதினியின் அம்மா, எனக்கு அத்தை முறை, ஆலைத் தோழி ஒருத்தியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: வீட்டில் யார் என்ன சொன்னாலும் வருகிறேன், வந்து தங்க ஒரு வீடு மட்டும் பார்த்து வை. ஆக, குழந்தை பிறப்பதற்குள் ஒரு வீடு. சின்னதாக இருக்கட்டும், ஓடு ஒழுகட்டும், அத்தை வந்து இருக்க முடிந்தால் போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் இருந்தோம். சுற்றுவட்டாரத்தில் சாதிச் சண்டைகள் நடந்து ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலம். பஸ் கண்ணாடிகளில் கம்பி வலை கட்டியிருந்தார்கள், முக்குகளில் போலீஸ் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தது. கலந்திருந்த தெருக்களில் இருந்தவர்கள் தங்கள் ஆட்கள் இருக்கும் தெருவுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரு வேடிக்கை: எங்கே பார்த்தாலும் காலி வீடு. இது நல்லதற்குத்தான் என்று நினைத்தேன். வகுப்பில் மக்கள் எங்கே ஏன் குடியேறுகிறார்கள் என்று பாடம் படித்தபோது ஆறு, மண், மழை, தொழில் என்று எழுதி மார்க் வாங்கியவள் நான்.

முதலில் ராஜபாளையத்திலேயே பார்த்தோம். தெலுங்கு பேசும் தெரு ஒன்றில் மாடி காலி என்று கேள்விப்பட்டு நானும் மதினியும் போனோம். அண்ணன் ஷிப்டு முடிந்து பின்னால் வருவதாகச் சொன்னான். வீட்டுக்காரம்மா மதினியின் வயிற்றைப் பார்த்ததுமே, "ராம்மா, லோபலிக்கி ரா" என்று உள்ளே அழைத்து, ஃபேனைப் போட்டு, "என்னோ நெல?" என்று எத்தனையாவது மாசம் என விசாரித்தார். மதினிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தறிக்கொட்டகைச் சத்தத்துக்குள் கிடந்தவள் மாதக்கணக்கில் தன் பாஷையை இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டாள். வாந்தி நின்றதா, மாங்காய் பிடிக்கிறதா என்று இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். நான் மாடிப்படியை வழுக்காமல் கழுவுவது யார் பொறுப்பு என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அப்போது அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றான். "வணக்கம்மா. நம்மகிட்ட சாமான் ரொம்ப இல்ல" என்றான்.

அந்தம்மா அவனைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். பிறகு மதினியிடம், "இல்லம்மா, மாடிய எங்க தம்பி மகன் கேட்டிருக்கான். மறந்தே போயிட்டேன்" என்றார் தமிழில்.

கோபமில்லை, முகச்சுளிப்பில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி வெறும் வயிறாகப் போகக்கூடாது என்று காப்பிகூடக் கொடுத்தார். ஆனால் மதினியிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை தெலுங்கு பேசவில்லை. தெருவைத் தாண்டும்வரை மதினி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். தாண்டியதும், "இல்லைன்னு சொல்லியிருந்தா போயிட்டுப் போகுதுன்னு இருந்திருப்பேன். எதுக்குத் தமிழ்ல பேசுறா எங்கிட்ட?" என்றாள்.

அடுத்து எங்கள் ஆட்கள் இருக்கும் தெரு. அங்கே அண்ணனை முன்னால் விட்டோம். எல்லாம் நல்லபடியாகப் போனது. வாடகை பேசி முடிகிற நேரத்தில் வீட்டுக்காரம்மாளின் கண் மதினியின் கழுத்தில் நின்றது.

அதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தாலியைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். மதினியின் ஆட்களுக்கு இரண்டு வட்டத் தங்கப் பொட்டு. ஒன்று பிறந்த வீடு கொடுப்பது, ஒன்று புகுந்த வீடு கொடுப்பது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தை ஒரு பொட்டை முந்தானையில் முடிந்து யாருக்கும் தெரியாமல் கொடுத்து அனுப்பியிருந்தார். இன்னொன்று புகுந்த வீட்டுடையது. புகுந்த வீடு எங்கள் வீடு, எங்கள் வீட்டில் பொட்டு கிடையாது. எனவே அண்ணன், முறைப்படி செய்வதாக நினைத்து, எங்கள் ஆட்களின் தாலியை ஆசாரியிடம் வாங்கி அத்தை கொடுத்த பொட்டோடு ஒரே கயிற்றில் கோத்துவிட்டான். "இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல தம்பி" என்று ஆசாரி சொன்னதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். எனக்கும் அது பெரிய புரட்சியாகத் தெரிந்தது. விடுதியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

"இது என்னட்டி, ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் வேறொண்ணு தொங்குது?" என்றாள் அந்த வீட்டுக்காரம்மா.

அண்ணன் விளக்கினான். அவனுக்கு மறைக்கத் தெரியாது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல ராசா. நீங்க நல்லாத்தான் இருக்கீக. தெருவுல கேப்பாகள்ல?" என்றாள்.

அந்த விடுமுறை முழுக்க இதையே கேட்டோம். எனக்கு ஒண்ணும் இல்லை, தெருவுல கேப்பாக. எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தெரு என்று தனியாக ஒருவர் எங்கோ உட்கார்ந்து எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆளை மட்டும் எங்களால் பார்க்க முடியவில்லை.

நான் மூளையைப் பயன்படுத்த முடிவு செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களை யாருக்கும் தெரியாது. செண்பகத்தோப்புக்குப் போகும் சாலைப் பக்கம் எங்கள் ஆட்களுடைய வீடு ஒன்று. முன்னால் கிணறு, பின்னால் முருங்கை, மேற்கே பார்த்தால் மலை. தனியாகப் போய்ப் பேசினேன். "எங்க அண்ணன், மதினி. நம்ம ஆளுகதான்" என்றேன். அது பாதி உண்மை. வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. "பிள்ளைத்தாச்சியா? ஐயோ, சீக்கிரம் கூட்டிட்டு வா தாயி. ஆஸ்பத்திரி பக்கந்தான்" என்று சாவியையே எடுத்துக் காட்டினார்.

பஸ்ஸில் திரும்பும்போதே திட்டம் போட்டுவிட்டேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி இருவரிடமும் சொன்னேன்: "மதினி, தாலிய உள்ள விட்டுக்கோங்க. தெலுங்கு மூச்சு விடக்கூடாது. உங்க தமிழ கேட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாக."

அண்ணன், "ஏட்டி, நீ படிச்சது வீண் போகல" என்றான்.

மதினி கேட்டாள்: "எங்கம்மா?"

"அவிய வரட்டும். கொஞ்சம் பேசாம இருந்தா..."

"எம்புட்டு நாளு? எனக்கு வலி வந்து கத்தும்போதும் பேசாம இருக்கணுமா? பிள்ளைய கையில வாங்கும்போதும்?" அத்தைக்குத் தமிழ் புரியும், நாலு வார்த்தை பேசவும் செய்வார், ஆனால் வாயைத் திறந்தால் எவருக்கும் தெரிந்துவிடும். "ஊமைன்னு சொல்லிருவோமா?" என்றாள் மதினி. சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"கைக்கு வந்த வீட்ட விடச் சொல்லுதியா? இன்னும் எங்க போய்த் தேட?" என்று அண்ணன் எழுந்துவிட்டான். அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்தது அன்றுதான். யாரும் யாரையும் வையவில்லை. அவன் வெளியே போய் நின்றுகொண்டான், அவள் பாத்திரத்தை விளக்க ஆரம்பித்தாள், நான் நடுவில் நின்றேன்.

மறுநாள் மதினி என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். வீட்டுக்காரம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். மதினி உட்காரவில்லை. சேலைக்குள்ளிருந்து தாலியை எடுத்து வெளியே போட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நாங்க வேற ஆளு. எங்க வீட்டுக்காரரு உங்க ஆளு. எங்கம்மா பிரசவத்துக்கு வருவாக, அவியளுக்குத் தெலுங்குதான் வரும். சம்மதம்னா வாரோம்."

அந்தம்மா செத்த நேரம் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் குடத்தை வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அதை அவரும் பார்த்தார்.

"சொல்லாமலே வந்திருக்கலாமே தாயி" என்றார் மெதுவாக. "இப்பச் சொல்லிட்டியே. இனி நான் என்ன செய்ய?"

அவர் கண் கலங்கியிருந்தது, பொய் இல்லை. சாவி மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

கடைசியில் வீடு கிடைத்தது கிருஷ்ணன்கோவிலில். என்ஜினீயரிங் கல்லூரி வந்தபிறகு மெயின் ரோட்டுப் பக்கம் வரிசையாக அறை கட்டி விட்டிருந்தார்கள். தெரு என்று ஒன்று அங்கே இன்னும் உண்டாகியிருக்கவில்லை. ரோடு, அறைகள், பின்னால் கருவேலங்காடு. கட்டியவர் வேறு ஊர்க்காரர். அட்வான்ஸ் கேட்டார், ஆளைக் கேட்கவில்லை. யாரும் யாரென்று கேட்காத இடம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மதினிதான், "கேக்க ஆளில்லன்னா கூப்பிடவும் ஆளில்லையே" என்றாள்.

அவள் பயந்தபடிதான் ஆனது. நான் மதுரைக்குத் திரும்பியபின் ஒருநாள் காலை, அண்ணன் ஆலையில் இருக்கும்போது வலி வந்துவிட்டது. அத்தை வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. வெளியே ஓடிவந்து ரோட்டில் நின்று தன் பாஷையில் கத்தியிருக்கிறார். லாரிகள் போயின. பக்கத்து அறைப் பெண்தான் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் கல்லூரிப் பஸ் டிரைவர். மாணவர்களை இறக்கிவிட்டுக் காலியாக நின்ற பஸ்ஸோடு அவரை அவள் ஆளனுப்பி வரவழைத்து, அதில் மதினியைப் படுக்க வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையன் பிறந்தான்.

அந்த வார இறுதியில் மதுரை பஸ்ஸிலிருந்து கிருஷ்ணன்கோவிலில் இறங்கி நடக்கும்போதே அத்தையின் குரல் கேட்டது. எண்ணெய் தேய்த்துவிட்டுக் குழந்தையோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நீட்டி நீட்டி, கொஞ்சிக் கொஞ்சி, இடையில் மதினியை அதட்டி, அண்ணனைத் தமிழும் தெலுங்குமாகக் கேலி செய்து. "அல்லுடு, பிள்ளைக்கு மூக்கு எங்க சாடை" என்றார் மருமகனிடம். அண்ணன், "காதாவது எங்களதா அத்தை?" என்றான். இத்தனை அலைச்சலும் இந்தச் சத்தத்துக்காகத்தான் என்று தோன்றியது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மாலை டிரைவரின் மனைவி குழந்தையைப் பார்க்க வந்தாள். மடியில் வாங்கினாள். முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அக்கா, அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன். அம்மா பேசுறது தெலுங்கா? நீங்க என்ன ஆளுக?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்குமுன் மதினி சொல்லிவிட்டாள்: "ஆமா, தெலுங்கு. நான் அந்த ஆளு. இவுக தமிழாளு. கட்டிக்கிட்டோம்."

"அப்படியா" என்றாள் அவள். குழந்தையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மதினியிடம் கொடுத்துவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

அந்த 'அப்படியா'வை வைத்துக்கொண்டு நாங்கள் பேசித் தீர்த்தோம். நல்ல மனசுக்காரி என்றான் அண்ணன். பஸ்ஸை வரவழைத்தவள் தப்பாக நினைக்க மாட்டாள் என்றேன் நான். அவள் எந்த ஆள் என்று நாம் கேட்கவே இல்லையே என்றாள் மதினி. 

அத்தை எழுந்து போய் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். குழந்தை அழுதது. எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, காலையில் அவ்வளவு சத்தமாகச் சொன்னதையெல்லாம் அதன் காதோரம் குனிந்து, எங்களுக்கே கேட்காத குரலில் சொல்ல ஆரம்பித்தார்.